கிருஷ்ணகிரியில் இறங்கிப் பாருங்கள்: பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நாள்

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்கள், பெங்களூரிலிருந்து சேலம், மதுரை போகிறவர்கள் என்று பெரும்பாலோர் கிருஷ்ணகிரியைக் கடந்துதான் போகிறார்கள். மேம்பாலத்தில் வண்டி ஓடும்போது ஊருக்கு மேலே ஒரு பெரிய மொட்டைப் பாறை தெரியும். "அது என்ன மலை?" என்று பிள்ளைகள் கேட்பதற்குள் பர்கூரோ சூளகிரியோ வந்துவிடும். இந்த ஊரில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அது எப்போதும் மனக்குறைதான். ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் போதும். ஒரு மலைக்கோட்டை, பழைய வியாபார வீதிகள், நடுகற்கள், ஒரு சிவன் கோவில், ஓர் அணை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம்.

இந்த நாளுக்கு ஒரே ஒரு விதிதான்: காலையில் மலை, மாலையில் அணை. இதை மாற்றிவிட்டால் நாள் கெட்டுவிடும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

வருவது எப்படி

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே பஸ்தான். பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரி, ஓசூர் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய ஐம்பது. ஐந்து பக்கமும் தேசிய நெடுஞ்சாலை பிரிகிற ஊர் என்பதால் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஏறுவதற்கு முன் நடத்துனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: "பஸ் ஸ்டாண்டுக்குள்ளே போகுமா, பைபாஸ்லயே போயிடுமா?" தொலைதூர பஸ்கள் பல ஊருக்குள் வராது. மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போய்விடும். பகலில் அது பெரிய விஷயமில்லை, ஆட்டோ கிடைக்கும். விடியற்காலை நாலரைக்கு, புது ஊரில், சாலையோரத்தில் நின்றால் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும்.

எந்த மாதம் வரலாம்? அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மலை ஏற நல்ல காலம். மழை முடிந்த கையோடு வந்தால் அணையும் நிறைந்திருக்கும். மாம்பழத்துக்காக வருவதென்றால் மே, ஜூன். அப்போது மலையை ஏழரை மணிக்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வராமல் இருப்பது நல்லது. பாறை சூழ்ந்த ஊர், ராத்திரியிலும் சூடு இறங்காது.

சையத் பாஷா மலை

வெளிச்சம் வந்ததும் பழையபேட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள். "மலை அடிவாரம், கோட்டைக்குப் போற படி" என்றால் யாரும் கொண்டுபோய் விடுவார்கள். ஊர்க்காரர்கள் இதைச் சையத் பாஷா மலை என்று சொல்வார்கள். மேலே தர்கா இருப்பதால் அந்தப் பெயர். கிருஷ்ணகிரிக் கோட்டை என்பதும் இதுதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.

கையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். மேலே கடை எதுவும் இல்லை. தின்பண்டத்தை வெளியே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் விடாது. பையை முதுகில் மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் தொந்தரவு இல்லை. வழுக்காத அடி உள்ள செருப்போ ஷூவோ அவசியம். ஏற ஒரு மணி நேரம், மேலே ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிகள் சில இடங்களில் கல்லை அடுக்கிக் கட்டியவை, சில இடங்களில் பாறையிலேயே வெட்டியவை. வெட்டின படிகளில் நின்று குனிந்து பாருங்கள். உளி விழுந்த வரிகள் இன்னும் தெரியும். படியின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, மினுமினுப்பாக இருக்கும். சிப்பாய்கள், தண்ணீர் சுமந்தவர்கள், தர்காவுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் மிதித்த இடம் அது. மழை பெய்து ஓய்ந்த நாளில் அந்த மினுமினுப்புத்தான் வழுக்கிவிடும். அப்போது படியின் ஓரமாகக் கால் வைத்து ஏறுங்கள்.

வழியில் வாசல்கள், மதில்கள் வரும். விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டை இது. ஊர்ப் பெயரே கிருஷ்ணதேவராயரால் வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள். கருங்கல் மலை என்பதால் கரிய மலை, அதாவது கிருஷ்ண கிரி ஆனது என்று இன்னொரு சாரார். பிறகு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் வைத்திருந்தார்கள். இந்தப் பகுதிக்கு அப்போது பாராமகால் என்று பெயர், பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட நாடு என்று பொருள் சொல்வார்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கி நிற்கிற ஓர் இடத்தில் இதை நினைத்துப் பாருங்கள். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் ஆங்கிலேயப் படை இந்த ஊரைத் தாக்கியது. அடிவாரக் கோட்டையையும் பேட்டையையும் பிடித்துவிட்டார்கள். அதே வேகத்தில் ராத்திரியோடு ராத்திரியாக மேல்கோட்டைக்கும் ஏணி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட்டே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மேல்கோட்டை சண்டையில் விழவில்லை. அடுத்த வருஷம், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாராமகால் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோதுதான் இதுவும் போனது. அந்தச் சரிவில் நிற்கும்போது, ஏன் கல் மட்டுமே போதுமானதாக இருந்தது என்று புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும்.

உச்சியில் தர்கா இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். எல்லா மதத்தினரும் வருகிற இடம். பக்கத்தில் பாறைக்குள் தேங்கிய சுனைகள் உண்டு. கோட்டைக்கு உயிர் கொடுத்ததே அந்தத் தண்ணீர்தான். இறங்கிக் கால் நனைக்க வேண்டாம், பாசி வழுக்கும், ஆழமும் தெரியாது.

இப்போது சுற்றிலும் பாருங்கள். கீழே பழையபேட்டையின் நெருக்கமான கூரைகள், அதைத் தாண்டிப் புதுப்பேட்டை, அதைத் தாண்டி நெடுஞ்சாலைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தனித்தனிப் பாறை மலைகள். பனி விலகிய நாளில் தெற்கே அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடு மாதிரி மின்னும். மாலை அங்கேதான் போகப் போகிறோம். வயல்களையும் ஒரு நிமிஷம் பாருங்கள். 1792க்குப் பிறகு கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு உழவரின் நிலத்தையும் அளந்து நேரடியாக வரி போடத் தொடங்கியது இந்தப் பாராமகாலில்தான். பள்ளிக்கூடத்தில் ரயத்துவாரி என்று படித்தோமே, அது கிளம்பிய மண் கீழே தெரிகிறது.

காலையில்தான் ஏற வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை திருச்சியிலிருந்து வந்த என் அத்தை பையனைப் பதினொரு மணிக்கு மேலே கூட்டிப்போனேன். இறங்கும்போது மணி ஒன்று. நிழல் என்பதே இல்லை, கைப்பிடியாகத் தொடுகிற பாறை சுடுகிறது, தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அவனுக்குத் தலை சுற்றி, ஒரு மதில் மறைவில் அரை மணி நேரம் உட்காரவைத்தேன். பயந்தே போனேன். அன்றையிலிருந்து, வெயில் ஏறின பிறகு யாரையும் நான் மலைக்குக் கூட்டிப்போவதில்லை. இருட்டிலும் வேண்டாம்.

பழையபேட்டை

இறங்கியதும் பசி வாட்டும். இட்லி, தோசை எங்கும் கிடைக்கும். இந்த ஊர் சாப்பாடு வேண்டுமென்றால் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ராகிக் களி, கூடவே கீரைக் கடைசல் அல்லது நாட்டுக்கோழிக் குழம்பு. களியை மெல்லக் கூடாது. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். முதல் இரண்டு வாய் தொண்டையில் நிற்கும், மூன்றாவது வாய் தானாக இறங்கும்.

டிபனை முடித்துவிட்டுப் பழையபேட்டை வீதிகளில் நடங்கள். நான்கு மொழி கலந்து கேட்கிற இடம். கடைக்காரர் உங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே உள்ளே இருப்பவரிடம் உருதுவில் ஏதோ சொல்வார். வாசலில் சரக்கு இறக்குகிறவர் தெலுங்கில் பதில் கொடுப்பார். கன்னடமும் காதில் விழும். மூன்று மாநில எல்லை கூடுகிற மாவட்டம், இது இங்கே இயல்பு.

புளிக்குப் பேர் போன ஊர் இது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வந்தால், மண்டிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் புளி தட்டும் சத்தம் கேட்கும். நின்று பார்க்க வேண்டிய வேலை அது. பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஓடு உரித்த பழத்தை இடது கையால் கல் மேல் வைத்து, வலது கையில் உள்ள சின்னச் சுத்தியால் ஒரே தட்டு. கொட்டை ஒரு பக்கம் தெறிக்கும், சதை கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். நாரை விரல் நுனியால் இழுத்து எறிந்துவிட்டு அடுத்த பழம். இதை விரல் நசுங்காமல் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை செய்வார்கள் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. கூலி கிலோக் கணக்கில்தான். பத்து நிமிஷம் நின்றால் காற்றிலேயே புளிப்பு இருப்பது தெரியும், பல் கூசும். கொட்டையும் வீணாகாது, மாவாக்கித் துணி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். "வேணாண்ணா, அழுக்குச் சேலை" என்றும் சொல்வார்கள். அப்போது கேமராவை உள்ளே வைத்துவிட்டு ஒரு கிலோ புளி வாங்கிக்கொண்டு வாருங்கள். கொட்டை எடுத்தது, எடுக்காதது என்று விலை வேறுபடும்.

அருங்காட்சியகம்

காந்தி சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் உங்கள் பயணத்தை வெள்ளியில் வைக்காதீர்கள். இடம் சின்னதுதான், முக்கால் மணி நேரம் போதும். ஆனால் நடுகல் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் அந்த முக்கால் மணி போதாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நடுகல் மாவட்டங்கள். ஆநிரை கவர்ந்த சண்டையில், ஆநிரை மீட்ட சண்டையில், ஊரைக் காக்கும் சண்டையில், புலியோடு போராடி இறந்தவனுக்கு ஊர் நட்ட கல். கல்லின் முன் நின்று முதலில் வீரனின் கைகளைப் பாருங்கள். வில்லா, வாளா, குறுவாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு இருந்தால் மாட்டுச் சண்டை. எதிரே புலி பாய்ந்தால் புலிகுத்திக் கல். சில கற்கள் அடுக்கடுக்காக இருக்கும். கீழே போர், நடுவே அவனை இரண்டு பெண்கள் விண்ணுலகத்துக்கு அழைத்துப் போகும் காட்சி, மேலே லிங்கத்தை வணங்கும் காட்சி. வீரனின் பக்கத்தில் ஒரு பெண் நின்றால், அவனோடு உடன்கட்டை ஏறியவளாக இருக்கலாம்.

இதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், அப்புறம் கிராமத்துச் சாலைகளில் மரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கல் ஒன்று நிற்பதைப் பார்க்கும்போது தெரிந்துகொள்வீர்கள். எங்கள் பக்கம் அந்தக் கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அதிலிருந்துதான் வீட்டுக்கு ஒரு வேடியப்பன், வேடி, வேடியம்மாள் என்று பெயர் வைக்கிறார்கள். அதன் முன்னால் செருப்போடு ஏறி நிற்காதீர்கள்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பர்கூர் வட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதாவது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் அங்கே போக நேரம் இருக்காது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம்

களி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் எங்காவது நிழலில் இருங்கள். ஜூன் மாதமென்றால் சாலையோர மாங்காய்க் கடைகளில் நேரம் தானாகப் போகும். செந்தூரா, மல்கோவா, அல்போன்சா, நீலம், பெங்களூரா எல்லாம் குவிந்திருக்கும். நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்த பெங்களூராதான் மாங்கூழ் ஆலைகளுக்குப் போவது. சீசனில் டிராக்டர்களும் லாரிகளும் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும். விளைச்சல் கூடிப்போன வருஷம் விலை விழுந்து, பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் மரத்திலேயே விட்டுவிடுவதும் நடக்கிறது. ஆகவே நேரடியாகத் தோட்டக்காரர் விற்கும் இடத்தில் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். பழுத்ததை வாங்காமல், முகர்ந்தால் காம்புப் பக்கம் லேசாக மணக்கிற காயாக வாங்கினால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும்.

இரண்டரை மணிக்குக் காவேரிப்பட்டணம் பஸ் ஏறுங்கள். தருமபுரி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேரில் காவேரி இருந்தாலும் ஓடுவது தென்பெண்ணை. பலரும் இதைக் காவிரிப்பூம்பட்டினம் என்கிற பூம்புகாரோடு குழப்பிக்கொள்வார்கள், அது வேறு. 1767இல் முதல் மைசூர்ப் போர் தொடங்கிய நேரத்தில் ஹைதர் அலி பிடித்த கோட்டைகளில் இந்த ஊர்க் கோட்டையும் ஒன்று. இப்போது அதைத் தேடிப் போக வேண்டாம். இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆற்றங்கரையில் உள்ள பெண்ணேஸ்வரமடத்துக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். போய்வர, அரை மணி நேரம் காத்திருக்க என்று முதலிலேயே சேர்த்துப் பேசுங்கள்.

பெண்ணேஸ்வரர் கோவில் கூட்டம் இல்லாத கோவில். நடை சாத்தியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள், திறப்பு நேரம் சொல்வார்கள். சுவர்களில் சோழர், போசளர் (ஹொய்சாளர்) காலக் கல்வெட்டுகள் நிறைய. பக்கவாட்டில் வெயில் விழும் மாலை நேரத்தில்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும். பழைய தமிழ் எழுத்தில் இரண்டு மூன்று சொற்களையாவது கூட்டிப் படிக்க முயன்று பாருங்கள். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தை முதலில் தேடுங்கள், அது கிடைத்தால் மற்றது ஓரளவு பிடிபடும். விபூதி, மாவு எதையும் எழுத்தில் தேய்க்க வேண்டாம்.

அணை

நாலரை மணிக்கு அணையில் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, கே.ஆர்.பி. டேம் என்றே எல்லாரும் சொல்வார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1950களில் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்தது. முழு நீர்மட்டம் 52 அடி. செய்தித்தாளில் "அணையின் நீர்மட்டம் 50 அடி" என்று வந்தால் எங்கள் ஊரே நிமிர்ந்து உட்காரும். இடது, வலது கால்வாய்கள் மூலம் 9,012 ஏக்கர் பாசனம் பெறுகிறது. 2017 நவம்பரில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தபோது, அந்த வருஷம் அரிதாக நிறைந்த தண்ணீர் கண் முன்னே வெளியேறியது. கரையில் நின்ற விவசாயிகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு புது ஷட்டர்கள் போட்டார்கள்.

பூங்காவுக்குள் மரங்கள் அடர்ந்திருக்கும், பிள்ளைகளுக்கு விளையாட இடம் உண்டு. அணையின் முகப்பிலிருந்து பார்த்தால் காலையில் ஏறின மலையை அடையாளம் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அவர்கள்தான் முதலில் காட்டுவார்கள்.

தண்ணீரைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வருகிறது. வழியில் கழிவு கலக்கிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியில் நுரை மலை மாதிரி பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இங்கே வரும்போது நுரை அடங்கியிருந்தாலும் சில மாதங்களில் தண்ணீர் பச்சை பாரித்து, வாடை வரும். குளிக்க வேண்டாம், பிள்ளைகளைக் கை அலம்பவும் விட வேண்டாம். இந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தெரியாமல் யாரும் இறங்கிவிடக் கூடாது.

தண்ணீர் திறந்திருக்கும் நாளில் அணைக்குக் கீழே உள்ள தரைப்பாலத்துப் பக்கம் போகவே போகாதீர்கள். திடீரென்று மூழ்கும். செல்ஃபிக்காக மதகுக்கு எதிரே பாறையில் நிற்பவர்களை ஒவ்வொரு வருஷமும் விரட்ட வேண்டியிருக்கிறது.

வாசலுக்கு வெளியே மீன் வறுவல் கடைகள். ஊர்க்காரர்கள் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். மசாலா தடவி அடுக்கிவைத்திருக்கும் மீனைக் காட்டி, இது வேண்டும் என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள், உங்கள் கண் முன்னே எண்ணெயில் போடச் சொல்லுங்கள். கட்லா, ரோகு துண்டுகளை விட முழு ஜிலேபி மீன்தான் என் சிபாரிசு. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவே பிய்த்தால் ஆவி வருகிற மாதிரியும் இருக்கும். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். எடை போட்டு விலை கேட்டபிறகு வறுக்கச் சொல்வது நல்லது.

கூட பெரியவர்கள், கைக்குழந்தை இருந்து மலை ஏற முடியாதென்றால், காலையை அவதானப்பட்டி ஏரிப் பூங்காவில் கழிக்கலாம். படகு உண்டு, அணைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. துணி எடுக்கும் ஆசை இருப்பவர்கள் திருப்பத்தூர், சென்னை பக்கம் திரும்பும்போது பர்கூரில் இறங்கலாம், வரிசையாக ஜவுளிக் கடைகள்.

அணையிலிருந்து ஊருக்கு டவுன் பஸ் உண்டு. இருட்டிய பிறகு இடைவெளி கூடும். ஆறு மணிக்கே கடைக்காரரிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் இரண்டாவது தட்டு மீனுக்குச் சொல்லுங்கள்.